மிஷின் வாங்கும் முன்பும், வாங்கிய பின்பும்

(நமது அறக்கட்டளையின் தொழிற்கருவி வழங்கும் நிகழ்ச்சியில், ஊரில் நீண்ட காலமாக வெல்டிங் பட்டறை நடத்திவரும் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரை)



மேடையில் இருக்கும் பெரியவர்களே, ஜமாஅத் நிர்வாகிகளே, இன்றைக்கு மிஷின் வாங்க வந்திருக்கும் தம்பிமார்களே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே!

எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. முகத்துக்கு நேரே கறுப்புக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் பேசாமல் வேலை செய்தே பழகியவன். "பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை சொல்லுங்கள்" என்று செயலாளர் கேட்டார்கள். இரண்டு வார்த்தையில் முடியாது என்று அப்போதே சொல்லிவிட்டேன்.

இந்த மேசையில் சிவப்பு நிறத்தில் ஒரு மிஷின் இருக்கிறதே, இன்றைக்குக் கொடுக்கப்போகிற மிஷின் என்று நினைத்துவிடாதீர்கள். இது செத்துப்போன மிஷின். சில வருடங்களுக்கு முன்னால் இதே மண்டபத்தில், இதே போல ஒரு நிகழ்ச்சியில், நாம் கொடுத்த மிஷின்.

அன்றைக்கு வாங்குவதற்கான குழுவில் மூன்று பேர் இருந்தோம். மூன்று கடையில் விலை கேட்டோம். ஒரு கடையில் மற்ற கடைகளைவிட மிஷினுக்கு மூவாயிரம் ரூபாய் குறைவு. "நாலு பேருக்குக் கொடுக்கிற பணத்தில் அஞ்சு பேருக்குக் கொடுக்கலாமே" என்று பேச்சு வந்தது. நல்ல எண்ணத்தில்தான் பேசினோம். குறைந்த விலைக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். இரும்பிலேயே கிடந்தவன், ஆனாலும் அந்த மிஷினைத் திறந்து பார்க்கவில்லை. சர்வீஸ் எங்கே என்று கேட்கவும் இல்லை.

அந்த ஐந்தில் ஒன்று நம் தெருப் பிள்ளை ஒருவனுக்குப் போனது. வாப்பா இல்லாத பிள்ளை. கை சுத்தமான வேலைக்காரன். நாலாவது மாதம் மிஷின் நின்றுவிட்டது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான். "கம்பெனிக்கு அனுப்பணும், பத்து நாள் ஆகும்" என்றார்கள். பத்து நாள் கழித்துப் போனால் "நாளைக்கு வா". அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை. பையன் ஒரு வீட்டுக் கேட்டுக்கு முன்பணம் வாங்கி, அதில் இரும்பும் வாங்கிப் போட்டுவிட்டான். மிஷினை வாடகைக்கு எடுத்தான். வாடகைக்கும் கூலிக்கும் கட்டுப்படியாகவில்லை. கேட் நின்றது. வீட்டுக்காரர் ஜமாஅத்தில் வந்து பிராது சொன்னார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவர் பணம் கொடுத்தவர். கடைசியில் பையன் சென்னைக்குப் போய் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் வேலைக்குச் சேர்ந்தான்.

அவனுடைய உம்மா இந்த மிஷினை ஒரு பழைய போர்வையில் சுற்றி, ஆட்டோவில் வைத்து என் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். "காக்கா, இது ஏழை பாழைக்குக் கொடுத்த பொருள். எங்களுக்கு ஆகலை. வேற யாருக்காவது ஆகுமான்னு பாருங்க" என்றார்கள். யாருக்கும் ஆகாத பொருளைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்று இரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். தம்பிமார்களே, கிட்ட வந்து பாருங்கள். முன்பக்கம் பெரிய எழுத்தில் 400 என்று போட்டிருக்கிறது. எல்லோரும் 400 ஆம்பியர் என்றுதான் நினைப்போம். அது வெறும் மாடல் எண். பின்பக்கம் ஒரு சின்னத் தகடு இருக்கிறது, அதைத்தான் படிக்க வேண்டும். அதில் 200 ஆம்பியர் என்றும், பக்கத்தில் 30 சதவீதம் என்றும் இருக்கிறது. இந்தச் சதவீதத்துக்கு டியூட்டி சைக்கிள் என்று பெயர். கணக்கு பத்து நிமிடத்துக்கு. 30 சதவீதம் என்றால், அந்த 200 ஆம்பியரில் மூன்று நிமிடம் அடித்தால் ஏழு நிமிடம் மிஷினை ஆறவிட வேண்டும். 60 சதவீதம் என்றால் ஆறு நிமிடம் அடிக்கலாம், நாலு நிமிடம் ஓய்வு. ஆம்பியரைக் குறைத்து வைத்தால் கூடுதல் நேரம் அடிக்கலாம். இந்தக் கணக்கையும் பொதுவாக 40 டிகிரி வெப்பத்துக்குத்தான் சொல்கிறார்கள். மே மாதத்தில் தகரக் கொட்டகைக்குக் கீழே என்ன வெப்பம் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பையன் தகரக் கொட்டகையில் 10 நம்பர் ராடு போட்டு விடாமல் அடித்திருக்கிறான். மஞ்சள் விளக்கு எரிந்திருக்கிறது. சூடாகிவிட்டதே என்று சுவிட்சை அணைத்திருக்கிறான். அணைத்தால் உள்ளே ஃபேனும் நின்றுவிடும், சூடு உள்ளேயே தங்கும். மஞ்சள் விளக்கு எரிந்தால் ராடை எடுத்துவிட்டு, மிஷினை ஆனிலேயே வைத்து, ஃபேனை ஓட விட வேண்டும். இதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. விற்ற கடைக்காரர் சொல்லவில்லை, வாங்கிக் கொடுத்த நாங்களும் சொல்லவில்லை.

உள்ளே போர்டு முழுக்க இரும்புத் தூள். பக்கத்திலேயே கிரைண்டிங் அடித்திருக்கிறான். மிஷினுடைய ஃபேன் அந்தத் தூளை உள்ளே இழுத்துவிடும். இரும்புத் தூள் கரண்டைக் கடத்தும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே? போர்டு எரிந்ததற்கு அதுவே போதும். நம் ஊரில் உப்புக் காற்று வேறு. அதனால் கிரைண்டிங் மிஷினுக்கும் வெல்டிங் மிஷினுக்கும் நடுவில் பத்தடியாவது இருக்கட்டும். மாதம் ஒரு முறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, புளோயரில் தூசியை ஊதி எடுங்கள். ராத்திரி சைட்டிலேயே போட்டுவிட்டு வராதீர்கள்.

"அப்படியானால் பழைய டிரான்ஸ்ஃபார்மர் மிஷினே நல்லது இல்லையா காக்கா?" என்று ஒரு தம்பி கேட்டான். என் பட்டறையில் ஒன்று இருக்கிறது. ஜுபைலில் சம்பாதித்த காசில், ஊர் திரும்பியதும் பழையதாக வாங்கியது. செம்புக் காயில். இரண்டு முறை காயில் கட்டியிருக்கிறேன், இன்னும் ஓடுகிறது. கடல் உள்ள வரைக்கும் ஓடும்போல. ஆனால் அதைத் தூக்க நாலு பேர் வேண்டும், கரண்டும் நிறைய இழுக்கும். வீடு வீடாகப் போய் கிரில், கேட் வேலை செய்கிற பையனுக்கு அது உதவாது. உங்களுக்குத் தோளில் மாட்டிக்கொண்டு போகிற இன்வெர்ட்டர் மிஷின்தான் சரி. ஆனால் அதில் பழுது வந்தால் தெருமுனை எலக்ட்ரீஷியனால் பார்க்க முடியாது. போர்டு மாற்றத் தெரிந்த ஆள் வேண்டும், அந்தக் கம்பெனிப் போர்டும் கிடைக்க வேண்டும். அதனால் மிஷினைப் பார்ப்பதற்கு முன்னால் சர்வீஸைப் பாருங்கள். சர்வீஸ் சென்டர் இராமநாதபுரத்திலோ மதுரையிலோ இருக்கிறதா? இருக்கிறது என்று சொன்னால், கடையில் நிற்கும்போதே அந்த நம்பருக்குப் போன் போட்டு, "இந்த மாடலுக்குப் போர்டு ஸ்டாக் இருக்கிறதா" என்று கேளுங்கள். எடுத்துப் பதில் சொன்னால் வாங்குங்கள். வாங்கும் முன்பே எடுக்காதவன் வாங்கிய பிறகு எடுப்பானா?

இந்த முறை அப்படித்தான் வாங்கினோம். ஐந்து பேருக்குப் பதில் நாலு பேருக்குத்தான் முடிந்தது. இன்னொருவர் அடுத்த முறைக்குக் காத்திருக்கிறார். அவருடைய வீட்டாரும் இங்கே வந்திருக்கிறார்கள். அவர்களிடம் காரணத்தைச் சொல்லிவிட்டேன். மனதில் கொஞ்சம் வருத்தம் இருக்கும், அது நியாயம்தான்.

இப்போது பில். தாய்மார்களும் கவனிக்க வேண்டும், ஏனென்றால் வீட்டில் காகிதங்களைப் பாதுகாப்பது நீங்கள்தான். "பில் இல்லாமல் வாங்கினால் வரி குறையும்" என்று சொல்வார்கள். அந்த 18 சதவீதத்தை மிச்சம் பிடிக்கப் போய் கையில் ஆதாரம் இல்லாமல் நிற்க வேண்டாம். பில்லில் மிஷினின் சீரியல் நம்பர் எழுதியிருக்க வேண்டும். வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் வேண்டும்.

நம் பிள்ளைகளுக்குத் தெரியாத ஒரு விஷயம் சொல்கிறேன். "தொழிலுக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாது" என்று கடைக்காரர் பயமுறுத்துவார். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் ஒருவர் வாங்கும் பொருளுக்கு அவர் நுகர்வோர்தான் என்று தெளிவாக இருக்கிறது. 1915 என்ற உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். அந்தப் பிள்ளை விஷயத்தில் இதெல்லாம் எனக்குத் தெரிந்தபோது இரண்டு வருடம் கடந்துபோயிருந்தது.

மிஷினோடு வரும் மற்ற சாமான்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஆனால் உயிர் போவது பெரும்பாலும் இவற்றில்தான். இலவசமாக வரும் கேபிளை நம்பாதீர்கள். செம்பு நிறம் தெரியும். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருக்கும். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது அது, சீக்கிரம் சூடேறும். ஹோல்டரில் உறை உடைந்திருந்தால் அன்றைக்கு வேலையை நிறுத்துங்கள். என் பட்டறையில் ஒரு மழைநாளில், உடைந்த ஹோல்டருக்கு டேப் சுற்றி ஓட்டச் சொன்னவன் நான்தான். வேலை பார்த்த பையனுக்கு ஈரத் தரையில் ஷாக் அடித்துத் தூக்கிப் போட்டது. அல்லாஹ் காப்பாற்றினான். ஹோல்டர் அன்றைக்கு இருநூறு ரூபாய்கூட இல்லை.

கட்டிங் வீல் வாங்கும்போது நடுவில் இருக்கும் உலோக வளையத்தைப் பாருங்கள், காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். வீலுக்குக் காலாவதியா என்று சிரிக்காதீர்கள். அது பிசின் வைத்து ஒட்டிய பொருள். நாளானாலும் ஈரம் பட்டாலும் பலம் போய்விடும். 4 இன்ச் மிஷின் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அந்த வேகத்தில் உடைந்து பறக்கும் துண்டை எந்தக் கையும் தடுக்காது. கார்டைக் கழற்றிவிட்டு 5 இன்ச் வீலை மாட்டுகிற வித்தையை நம் ஊரில் நான் பார்த்திருக்கிறேன். அப்படி மாட்டுகிறவனிடம் வேலைக்குப் போகாதீர்கள். ராடு வாங்கும்போது பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 814 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பிரித்த பெட்டியைத் திறந்து போடாமல் மூடிய டப்பாவில் வையுங்கள்.

ராடைப் பற்றிப் பேசினால் எனக்கு ஜுபைல் ஞாபகம் வரும். அங்கே 6ஜி சோதனை வைத்துத்தான் வேலைக்கு எடுத்தார்கள். பைப்பை 45 டிகிரி சாய்த்து நிறுத்திவிடுவார்கள், திருப்பக் கூடாது, நாம்தான் சுற்றி வந்து அடிக்க வேண்டும். 7018 ராடு சூடான அடுப்புப் பெட்டியில்தான் இருக்கும். ஸ்டோர்காரர் எண்ணித்தான் கொடுப்பார். சாயங்காலம் மிச்சத்தை எண்ணி வாங்குவார். வெளியே எடுத்து நாலு மணி நேரத்துக்கு மேல் ஆன ராடை அப்படியே திரும்பப் பயன்படுத்த விடமாட்டார்கள். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது, ஒரு ராடுக்கு இத்தனை கணக்கா என்று. ஒரு பைப் ஜாயிண்டை எக்ஸ்ரே எடுத்து, உள்ளே கடுகளவு ஓட்டை தெரிகிறது, வெட்டிவிட்டு மறுபடி அடி என்று சொன்ன அன்றைக்குத்தான் புரிந்தது. வெளியே அழகாக இருந்த ஜாயிண்ட் அது.

ஊருக்கு வந்த பிறகு எக்ஸ்ரே எடுப்பார் யாருமில்லை. அங்கேதான் நான் தவறினேன்.

ஒரு நிக்காஹ் வீடு. மாடிப்படிக் கைப்பிடி வேலை. நாள் நெருங்கிவிட்டது. அவசரத்தில் அடித்து, தெரிந்த மேடுகளையெல்லாம் கிரைண்டிங் போட்டு வழித்து, பட்டி பூசி, பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். எட்டு மாதம் கழித்து அந்த வீட்டுப் பெரியவர், ஓய்வு பெற்ற வாத்தியார், போன் செய்தார். "தம்பி, கைப்பிடி ஒரு இடத்தில் ஆடுது, கொஞ்சம் பார்த்துட்டுப் போங்க." நாளைக்கு வருகிறேன் என்றேன். பதினொரு நாள் "நாளைக்கு" என்றே சொன்னேன். கையில் புது வேலை இருந்தது. பழைய வேலைக்குப் போனால் காசு வராது, அவ்வளவுதான் காரணம். பன்னிரண்டாம் நாள் அவருடைய வீட்டம்மா படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்தார்கள், அது கையோடு வந்துவிட்டது. விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது.

ஓடிப்போய் ஜாயிண்டைப் பார்த்தேன். ராடு உருகி ஒரு பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறது. மறுபக்கத்து இரும்பு உருகவே இல்லை. நடுவில் ஸ்லாக். ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சத்தையும் நானே கிரைண்டிங்கில் வழித்து எடுத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிச் செலவு கொடுக்கப் போனேன். வாத்தியார் வாங்கவில்லை. திட்டவும் இல்லை. "நீங்க அன்னைக்கே வந்திருக்கலாம் தம்பி" என்று மட்டும் சொன்னார். எல்லா ஜாயிண்டையும் வெட்டிவிட்டுப் புதிதாக அடித்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் வீட்டில் வந்த வேலை எதுவும் எனக்கு வரவில்லை. வரக்கூடாதுதான்.

அந்தப் பையனுக்குக் கடைக்காரர் சொன்ன "நாளைக்கு" என்ற சொல்லைக் கேட்டு நாமெல்லாம் கோபப்பட்டோம். அதே சொல்லைத்தான் நான் வாத்தியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது என் பட்டறையில் ஒரு நோட்டு இருக்கிறது. திரும்பக் கூப்பிட்ட வீடுகள் அதில் இருக்கும். வெள்ளிக்கிழமை காலையில் புது வேலை எடுக்க மாட்டேன், ஜும்ஆவுக்கு முன்னால் அந்த வீடுகளுக்குப் போய்விடுவேன். பெரும்பாலும் தாழ்ப்பாள் இறுக்கமாக இருக்கும், கீல் சத்தம் போடும், பத்து நிமிட வேலை. இப்படிப் போன வீடுகளில் இருந்துதான் எனக்குப் புது வேலை வருகிறது. விளம்பரப் பலகை வைத்து எனக்கு வந்த வேலை மிகக் குறைவு.

இரும்பின் கனத்தைப் பற்றி வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "ரேட் ஜாஸ்தி சொல்றீங்களே, அவர் குறைச்சுச் சொல்றாரே" என்று கேட்பீர்கள். ஓர் இன்ச் சதுர பைப், 20 அடி நீளம். 1.6 மில்லி மீட்டர் கனம் என்றால் ஒரு பைப் ஏழு கிலோவுக்கு மேல் இருக்கும். 1.2 என்றால் ஐந்தரை கிலோதான். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், பெயிண்ட் அடித்தால் ஆசாரிக்கே தெரியாது. நம் உப்புக் காற்றில் மெல்லியது முதலில் போகும். தம்பிமார்களே, நீங்களே எஸ்டிமேட் தாளில் கனத்தை எழுதிக் கொடுங்கள். பைப் வந்து இறங்கியதும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு எடை போட்டுக் காட்டுங்கள். வீட்டுக்காரர்களே, எடையைப் பார்த்த பிறகு, அந்த விலைக்குப் பேரம் பேசாதீர்கள். இரும்புக்கு மட்டும் முன்பணம் கொடுங்கள். பையனும் அதை இரும்பில் மட்டும் போடட்டும், பைக் தவணைக்குப் போட வேண்டாம்.

கடைசியாகத் தாய்மார்களுக்கு. வெல்டிங் அடித்த இரவில் பிள்ளை "கண்ணில் மண் விழுந்த மாதிரி இருக்கிறது" என்று அழுதால், அது வெளிச்சம் பட்டதால் கண்ணின் மேல்பரப்பு வெந்திருப்பது. அடித்த பல மணி நேரம் கழித்துத்தான் வலிக்கும். உருளைக்கிழங்கு வைத்துக் கட்டிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், டாக்டரிடம் அனுப்புங்கள். ஜி.ஐ. பைப் அடித்த நாளில் குளிர்க் காய்ச்சல் வந்தால் அது துத்தநாகப் புகை. பால் குடித்தால் சரியாகும் என்று நாங்களும் குடித்தோம், பால் அதைத் தடுக்காது. முலாமை முதலில் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில், காற்றுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து அடிக்கச் சொல்லுங்கள். முகக் கண்ணாடி இன்றைக்குச் சாமான்களோடு சேர்த்துத்தான் கொடுக்கிறோம். பையன் அதை வீட்டில் வைத்துவிட்டுப் போனால், பின்னாலேயே கொடுத்து அனுப்புங்கள்.

நாலு தம்பிமார்களும் வருகிற சனிக்கிழமை அஸர் தொழுததும் பட்டறைக்கு வாருங்கள். உங்கள் மிஷினையும், 12 நம்பர் ராடு ஒரு பெட்டியும் கொண்டுவாருங்கள். வீட்டு பிளக்கில் எந்த ராடு வரைக்கும் போகலாம், கடை மீட்டருக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று உட்கார்ந்து பேசுவோம். தொழிலை வீட்டு மீட்டரில் ஓட்டக் கூடாது, அபராதம் வரும். நீங்கள் அடித்த ஜாயிண்டை நான் வெட்டிப் பார்ப்பேன், கோபப்படாதீர்கள்.

இந்தச் சிவப்பு மிஷின் இங்கேதான் இருக்கும், மூடி திறந்தே இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போங்கள். அந்தப் பிள்ளைக்கும் போன் செய்து சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் விடுமுறையில் ஊருக்கு வருகிறான். என் பட்டறையில் ஒரு மிஷின் காலியாக இருக்கிறது, இஷ்டமிருந்தால் வா என்றேன். யோசித்துச் சொல்கிறேன் மாமா என்றான்.